விமானச் சக்கரத்துக்கு ஒரு கவர்செட்

வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே அரை நிமிடம் கிடைத்தால், கேட்பவரை 'அட!' என்று சொல்ல வைக்கும் ஒரு துணுக்கைச் சொருகிவிடுவோம். ஒரு நாள் நான் சொருகியது அசோக் அலிசேரில் தாமரக்‌ஷன் என்பவரின் கதை. கேரளாவின் ஆலப்புழாவைச் சேர்ந்த பொறியியலாளர். குடும்பத்தோடு இங்கிலாந்தில் வசிப்பவர். கோவிட் காலத்தில் நாமெல்லாம் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் உட்கார்ந்து டால்கோனா காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது, அவர் தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் பாகங்களை வரவழைத்து, நான்கு பேர் உட்காரும் 'ஸ்லிங் டி.எஸ்.ஐ.' என்ற சிறு விமானத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். மகள் தியாவின் பெயர் வரும்படி பதிவெண் வாங்கி, 2022-இல் குடும்பத்தோடு ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்தும் வந்தார்.

துணுக்கு முடிந்தது, பாட்டு ஓடியது, நானும் மறந்துவிட்டேன். மத்தியானம் வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு வந்திருந்தது. காம்பாரிலிருந்து ஒரு தம்பி.

"அக்கா, நீங்க சொன்ன பிளேன் படத்தத் தேடிப் பார்த்தேன். எல்லாரும் ரெக்கையப் பத்தியே பேசுறாங்க. டயருக்கு மேல கவர்செட் மாதிரி ஒன்னு மாட்டியிருக்கே, அது எதுக்குக்கா? அழகுக்கா?"

தம்பிக்கு வேலை ஃபைபர் பட்டறையில். மோட்டார் சைக்கிளுக்குக் கவர்செட் செய்வது, உடைந்ததை ஒட்டுவது, லோரி கூரைக்குக் காற்றுத் தடுப்பு வார்ப்பது. அப்படிப்பட்டவன் கண் வேறு எங்கே போகும்? ஊடகத்துறையில் பட்டம் வாங்கிய எனக்கு விமானம் என்றால் இறக்கை, ஜன்னல், பயணச்சீட்டு. அந்தக் குரல்பதிவுக்குப் பதில் தேடப் போய், ஒரு மாதம் விமானச் சக்கரத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன்.

முதலில் பெயரைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயர் இதை 'ஸ்பேட்ஸ்' என்கிறார்கள். அந்தக் காலத்துக் கனவான்கள் சேறு படாமல் இருக்கக் காலணிக்கு மேல் மாட்டிய துணி உறையின் பெயர் அது. அமெரிக்கர்கள் 'வீல் பேண்ட்ஸ்' என்று சக்கரத்துக்குக் கால்சட்டையே போட்டுவிட்டார்கள். காம்பாரில் கவர்செட். மூன்றில் எனக்குப் பிடித்தது நம்முடையதுதான். ஆனால் கட்டுரை முழுக்க கவர்செட் என்று எழுதினால் மோட்டார் கடை விளம்பரம் போலாகிவிடும் என்பதால் சக்கர உறை என்று வைத்துக்கொள்வோம்.

அழகுக்கா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்: இல்லை. காற்றுக்காக.

கார் ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி அம்மாவிடம் திட்டு வாங்காத பிள்ளை யார்? உள்ளங்கையைக் காற்றுக்கு எதிரே விரித்தால் கை பின்னால் பிடுங்கிக்கொண்டு போகும். கத்தி போல் பக்கவாட்டில் திருப்பினால் சும்மா வெட்டிக்கொண்டு நிற்கும். கை அதே கைதான், காற்றுக்குக் காட்டும் வடிவம்தான் மாறுகிறது. விமானத்தின் சக்கரம் விரித்த உள்ளங்கையைச் சேர்ந்தது. அதிலும் ஒரு விசேஷம் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் இழுவை நான்கு மடங்காகும். அதைத் தள்ளிக்கொண்டு போக எஞ்சின் கொடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்காகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு பொருட்டாகத் தெரியாத சக்கரம், 200 கிலோமீட்டரில் எஞ்சினின் சம்பளத்தில் பங்கு கேட்கும்.

விமானம் பிறந்த காலத்தில் இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய கோர்சிகாத் தீவுக்காரர் ஜாக்கோமோ டி'ஏஞ்சலிஸ், தாமே ஒரு விமானம் வரைந்து, வண்டி கட்டும் சிம்சன் நிறுவனத்தாரிடம் கொடுத்துச் செய்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் ஓட்டிப் பார்த்தார். பிறகு தீவுத்திடலில் மக்கள் முன் பறந்து காட்டினார். இன்றைய பேச்சில் சொன்னால், தமிழ் மண்ணின் முதல் 'வீட்டுத் தயாரிப்பு' விமானம் அதுதான். அந்தக் கால விமானங்களில் கம்பியும் துணியும் சட்டமுமாக எங்கே பார்த்தாலும் காற்றைப் பிடித்து இழுக்கும் சாமான்தான். அத்தனைக்கும் நடுவில் சக்கரத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

வேகம் கூடியபோதுதான் கணக்குப் பார்த்தார்கள். அமெரிக்காவில் நாசாவுக்கு முன்னோடியாக 'நாக்கா' என்ற அரசு ஆய்வு அமைப்பு இருந்தது. 1920-களின் கடைசியில் அவர்கள் லாங்லியில் ஒரு முழு விமானத்தையே உள்ளே நிறுத்தக்கூடிய காற்றுச் சுரங்கத்தைக் கட்டினார்கள். அதில் ஸ்பெர்ரி மெசஞ்சர் என்ற சிறு விமானத்தை நிறுத்திப் பார்த்தபோது, மொத்த இழுவையில் 40 விழுக்காடு வரை, வெளியே தொங்கிக்கொண்டிருந்த சக்கரமும் அதன் கால்களுமே வாங்கிக்கொண்டிருந்தன. அதன் பிறகு 1930-களில் சக்கரத்தை மட்டும் தனியாக, உறையோடும் உறை இல்லாமலும், விதவிதமான வடிவங்களில் காற்றில் வைத்து அளந்தார்கள். இன்று ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டும்போது மாட்டும் உறையின் மூதாதையர் அந்த ஆய்வில் இருக்கிறார்கள்.

சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொண்டால் தொல்லை விட்டதே என்று கேட்கலாம். பெரிய விமானங்கள் அதைத்தான் செய்கின்றன. இரண்டு பேர், நான்கு பேர் போகும் சிறு விமானத்தில் அதற்கு மோட்டார், கீல், பூட்டு, கதவு எல்லாம் வேண்டும். எடை ஏறும், செலவு ஏறும். இன்னொன்றும் உண்டு: தரையிறங்கும்போது சக்கரத்தை இறக்க மறந்துவிடும் விமானிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். நிலையாக நிற்கும் காலுக்கு அந்த மறதி கிடையாது. ஆகவே சிறு விமானம் கட்டுகிறவர் பெரும்பாலும் காலை அப்படியே வெளியே விட்டு, காற்றை ஏமாற்ற உறை போடுகிறார்.

பட்டறையில் ஒரு மாலை

இதையெல்லாம் குரல்பதிவில் சொன்னால் பத்து நிமிடம் ஆகும் என்று, ஒரு சனிக்கிழமை நேரிலேயே காம்பாருக்குப் போனேன். பழைய ஈயக் குட்டைகளைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில் பட்டறை. வாசலிலேயே ரெசின் வாடை மூக்கைப் பிடித்தது. சுவர் முழுக்க வை125, எல்.சி.135 என்று கவர்செட் அச்சுகள் தொங்கின. தம்பிக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். முதலாளியை அங்கிள் என்றான், என்னை அக்கா என்றான்.

நான் சொல்ல வந்ததை அவன் சொல்ல விடவில்லை. ஏற்கெனவே ஒரு சோதனையைத் தயார் செய்து வைத்திருந்தான். பட்டறையில் வியர்வைக்குப் போடும் பெரிய நின்ற விசிறி. அதற்கு எதிரே, மண் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியிலிருந்து கழற்றிய சக்கரம், ஒரு கம்பியில் தொங்கியது. கம்பியின் மறுமுனையில் மீன் நிறுக்கும் வில் தராசு. சக்கரத்தின் பின்புறம் சின்னச் சின்னக் கம்பளி நூல்களை ஒட்டியிருந்தான்.

விசிறியைப் போட்டான். நூல்கள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடின. சில நூல்கள் பின்னால் பறக்காமல், சக்கரத்தை நோக்கி முன்னால் திரும்பிக்கொண்டன.

"பார்த்தீங்களா அக்கா, காத்து சுத்தி வந்து பின்னாடியே நிக்குது."

அதுதான் விஷயம். காற்று முன்னால் வந்து மோதுவதுதான் பெரிய தொல்லை என்று நாம் நினைக்கிறோம். உண்மையான திருட்டு பின்னால் நடக்கிறது. உருண்டையான, மொட்டையான பொருளைத் தாண்டும் காற்று அதன் முதுகோடு ஒட்டி வர முடியாமல் பிய்த்துக்கொண்டு சுழல்கிறது. அந்தச் சுழலில் அழுத்தம் குறைவு. முன்னால் அதிக அழுத்தம், பின்னால் குறைந்த அழுத்தம் என்றால் பொருள் பின்னால்தானே இழுக்கப்படும்? ஒரு வட்டக் குழாய் காற்றில் எவ்வளவு இழுவை கொடுக்கிறதோ, அதே இழுவையைத்தான் அதைவிடப் பத்து மடங்கு தடிமனான, மீன் வடிவத்தில் செதுக்கிய தண்டு கொடுக்கும். முதல் தடவை இதைப் படித்தபோது அச்சுப் பிழை என்று நினைத்தேன்.

பிறகு வெள்ளை நுரைக் கட்டியில் செதுக்கிய உறையை மாட்டினான். முன்பக்கம் முட்டை, பின்பக்கம் மெலிந்து நீளும் வால். நூல்கள் படுத்துக்கொண்டன. தராசின் முள் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. விசிறிக் காற்று முறுக்கிக்கொண்டு வரும் காற்று. இதைக் காற்றுச் சுரங்கம் என்று சொன்னால் பொறியியலாளர்கள் சிரிப்பார்கள். அதனால் அந்த முள் காட்டிய எண்ணை இங்கே எழுதவில்லை. ஆனால் அடுத்து அவன் செய்தது எண்ணைவிட முக்கியம். உறையைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பினான். ஒரு பக்கத்து நூல்கள் மறுபடி ஆட ஆரம்பித்தன. சக்கரமே பக்கவாட்டில் நகர்ந்து நின்றது.

நல்ல உறையைக் கோணலாக மாட்டினால் அது உறை இல்லை, சுக்கான். விமானத்தின் மூக்கை ஒரு பக்கமாகத் திருப்பும். விமானி காலால் மறுபக்கம் மிதித்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். உறை மிச்சப்படுத்திய இழுவையை அந்த மிதியே திருப்பி வாங்கிக்கொள்ளும்.

பழைய உறையைக் கழற்றிப் புதிது போட்டவர்கள்

வீட்டில் விமானம் கட்டுவது அமெரிக்காவில் ஒரு பெரிய குடிசைத் தொழில் போலவே இருக்கிறது. 1953-இல் பால் போபரெஸ்னி என்பவர் மில்வாக்கியில் தொடங்கிய சங்கம்தான் இன்று ஆண்டுதோறும் ஆஷ்காஷ் நகரில் பெரும் விமானத் திருவிழா நடத்துகிறது. ஓரிகன் மாநிலத்தின் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் தொடங்கிய வான்ஸ் நிறுவனத்தின் ஆர்.வி. வகை விமானங்கள் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல் கட்டி முடிக்கப்பட்டுப் பறந்திருக்கின்றன. எல்லாம் பெட்டியில் வரும் பாகங்கள். தட்டிக் கோத்து முடிப்பது வாங்கியவர் கை.

இந்த ஆர்.வி. வட்டாரத்தில்தான் சக்கர உறை மாற்றும் கதை சுவாரசியமாகிறது. பழைய ஆர்.வி. விமானங்களோடு வந்த உறைகள் குட்டையானவை. பிறகு நிறுவனம் புது வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. வால் நீளமாக, மெதுவாக மெலியும். காற்று பின்னால் வந்து சாவகாசமாகச் சேர்ந்துகொள்ளும்போது, இழந்த அழுத்தத்தைத் திரும்பப் பெறுகிறது. அந்த அழுத்தம் உறையின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளுகிறது. 'அழுத்தம் மீட்கும் உறை' என்றே அதற்குப் பெயர். பத்து, பதினைந்து வருடம் நன்றாகப் பறந்துகொண்டிருந்த விமானத்தை நிறுத்தி, பழைய உறையைக் கழற்றி எறிந்து, வாரக் கணக்கில் உட்கார்ந்து புதியதை மாட்டினார்கள். மணிக்குச் சில மைல் வேகத்துக்காக.

சில மைலுக்கு இவ்வளவு பாடா? நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 200 கிலோமீட்டர் போகும் விமானம். உறையும் காலுறையும் சேர்ந்து மொத்த இழுவையில் 10 விழுக்காட்டைக் குறைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். வேகம் 10 விழுக்காடு கூடாது. சக்தி வேகத்தின் மும்மடிக்குப் போவதால், அதே எஞ்சினுக்கு 207 கிலோமீட்டர்தான் கிடைக்கும். 400 கிலோமீட்டர் பயணத்துக்கு இரண்டு மணி நேரம் ஆன இடத்தில் இப்போது 1 மணி 56 நிமிடம். நான்கு நிமிடம்! டோலில் வரிசையில் நின்றால் போய்விடும் நேரம்.

இதைத் தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் கொஞ்சம் வாடியது. அங்கிள்தான் மறுபக்கத்தைப் பிடித்தார். "அந்த ஏழு கிலோமீட்டர எஞ்சின்ல வாங்கணும்னா?" அதுதான் சரியான கேள்வி. 100 குதிரைத்திறன் எஞ்சினுக்குப் பதிலாக ஏறத்தாழ 111 குதிரைத்திறன் வேண்டும். எஞ்சின் பெரிதானால் எடை, எரிபொருள், தொட்டி என்று சங்கிலி நீளும். வேகம் வேண்டாம், பழைய 200-லேயே போகிறேன் என்றால் எஞ்சினைப் பத்து விழுக்காடு குறைத்து ஓட்டலாம். மணிக்கு 20 லிட்டர் குடித்தது 18 ஆகும். அந்த 400 கிலோமீட்டருக்கு நான்கு லிட்டர் மிச்சம். எதிர்க்காற்று அடிக்கும் நாளில், போய்ச் சேர வேண்டிய இடத்தில் இடிமழை இறங்கி வேறு ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளில், தொட்டியில் இருக்கும் நான்கு லிட்டர் என்பது பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடப் பறப்பு. மத்தியானம் ஆனால் மழை கொட்டும் பேராக்கில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வெறியின் உச்சம் கலிபோர்னியாவின் மைக் ஆர்னல்ட். அவர் தானே வரைந்து, தானே வார்த்த ஏ.ஆர்.-5 என்ற ஒற்றை ஆள் விமானத்துக்கு 65 குதிரைத்திறன் எஞ்சின்தான். நம்மூர் மைவிகூட அதற்குப் பக்கத்தில் நிற்கலாம். சக்கரம் மடங்காது. அப்படியிருந்தும் 1992-இல் அது மணிக்கு 213 மைலுக்கு மேல், அதாவது 340 கிலோமீட்டரைத் தாண்டிப் பறந்து அதன் எடைப் பிரிவில் உலக சாதனை வைத்தது. எஞ்சினில் மாயம் எதுவும் இல்லை. காற்று ஒட்டி வரும்படி ஒவ்வொரு அங்குலத்தையும் இழைத்திருந்தார். சக்கர உறை காலோடு சேரும் மூலை, கால் உடம்போடு சேரும் மூலை, எல்லாவற்றையும். இரண்டு பொருள் கூர்மையான மூலையில் சந்தித்தால் அங்கே காற்று சிக்கிக்கொண்டு தனித்தனி இழுவையின் கூட்டுத்தொகையைவிட அதிகமாக இழுக்கும். அதனால் அந்த மூலைகளுக்கும் குழிவான ஒரு சட்டைக்கை போடுவார்கள். உறையை மாற்றியும் வேகம் கூடவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர் விட்டுவிடுவது இந்த மூலைகளைத்தான்.

ஆர்னல்ட் இன்னொரு நல்ல காரியமும் செய்தார். அச்சு இல்லாமல் சக்கர உறை செய்வது எப்படி என்று தனியாக ஒரு காணொளியே எடுத்து வைத்தார். நுரைக்கட்டியைச் செதுக்கு, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியை ரெசின் ஊற்றிப் போர்த்து, இறுகியதும் உள்ளே இருக்கும் நுரையைத் தோண்டி எடு. முறையின் சுருக்கம் அவ்வளவுதான்.

தம்பிக்கு இது தண்ணீர் பட்ட பாடு என்று நினைத்தேன். ஆனால் இங்கேதான் கவர்செட் தொழிலும் விமானத் தொழிலும் பிரிகின்றன. அவன் பட்டறையில் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். அதை வெள்ளைப் பாலிஸ்டைரீன் நுரையில் ஊற்றினால் நுரை கரைந்து குழியாகிவிடும். அவன் செதுக்கிய கட்டியிலேயே ஒரு மூலை அப்படிக் கரைந்திருந்தது. விமானம் கட்டுகிறவர்கள் எபாக்சி ரெசின் பயன்படுத்துகிறார்கள். அது நுரையைத் தொடாது. ஆனால் எபாக்சியை வாங்கி வந்து, பட்டறையில் இருக்கும் 'மேட்' என்கிற வெட்டு இழைப் பாயின் மேல் தடவினாலும் சரிவராது. அந்தப் பாயின் இழைகளை ஒட்டிப் பிடித்திருக்கும் பசை, பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும். எபாக்சியில் பாய் விறைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் படியாது. துணி போல் நெய்த இழைதான் வேண்டும். அது ரெசினையும் குறைவாகக் குடிக்கும்.

எடைதான் அங்கே எல்லாம். கவர்செட்டில் பளபளப்புக்காகப் பூசும் ஜெல்கோட், புட்டி, மூன்று பூச்சுப் பெயிண்ட், பூப்போட்ட ஸ்டிக்கர் எதற்கும் அங்கே இடமில்லை. இன்னொரு ஆச்சரியம்: எபாக்சியில் செய்த விமானங்கள் பெரும்பாலும் வெள்ளையாகவே இருப்பது நாகரிகத்துக்காக இல்லை. வெயிலில் கறுப்புப் பெயிண்ட் சூடேறினால் ரெசின் இளகும். நம்மூர் வெயிலில் நிறுத்தி வைக்கிற வாகனத்துக்கு இது கூடுதல் எச்சரிக்கை.

"கறுப்புலதான் கெத்தா இருக்கும்," என்று தம்பி கொஞ்சம் வருத்தப்பட்டான்.

நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன வரலாறு. 1990-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் உருவான ஈகிள் 150 என்ற இருவர் விமானத்தை மலாக்கா, பத்து பிரண்டாமில் சி.டி.ஆர்.எம். நிறுவனம் கட்டியது. முழுக்க முழுக்க இழையும் ரெசினும் சேர்ந்த கூட்டுப்பொருள் உடம்பு. மடங்காத மூன்று சக்கரம், அதற்கு உறை. அதே காலத்தில் சுவிட்சர்லாந்து வடிவமைப்பான எம்.டி.3 பயிற்சி விமானமும் இங்கே தயாரானது. இரண்டும் வியாபாரத்தில் பெரிதாக நிற்கவில்லை. ஆனால் கை மறக்கவில்லை: அதே சி.டி.ஆர்.எம். பின்னாளில் ஏர்பஸ் விமானங்களுக்குக் கூட்டுப்பொருள் பாகங்கள் செய்து அனுப்பும் இடமாயிற்று. கவர்செட் பட்டறையில் கற்ற கை அங்கே நேராக நுழைந்துவிடாது. சான்றிதழ் வேண்டும், ஈரப்பதம் அளந்த அறையில் வேலை செய்யப் பழக வேண்டும், ஒவ்வொரு அடுக்குக்கும் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி இதைக் கேட்டுவிட்டுப் படிவம் எங்கே கிடைக்கும் என்று கேட்டான். அங்கிள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நல்ல தொழிலாளியைக் கிளப்பிவிட வந்தவள் என்று நினைத்திருக்கலாம்.

மாட்டும் கலை, கழற்றும் கலை

உறையைச் செய்வது பாதி வேலை. மாட்டுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். தரையில் நிற்கும்போது விமானத்தின் எடையில் கால்கள் கொஞ்சம் விரிந்து வளைந்திருக்கும். பறக்கும்போது எடை இல்லாமல் தொங்கும். நிற்கும் நிலையில் நேராக மாட்டிய உறை பறக்கும்போது கோணலாகிவிடும். அதனால் விமானத்தைத் தூக்கி, சக்கரம் தரையில் படாமல், பறக்கும் நிலையில் மட்டம் பார்த்து நிறுத்துவார்கள். பிறகு கொத்தனார் வைத்திருக்கும் அதே தூக்குக்குண்டு. உடம்பின் நடுக்கோட்டை முன்னும் பின்னும் குண்டு இறக்கித் தரையில் குறித்து, சுண்ணாம்பு நூல் தட்டிக் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு இணையாக ஒவ்வொரு உறையின் மூக்கையும் வாலையும் சேர்ப்பார்கள். கோடி ரூபாய்க் கணினி கிடையாது. நூலும் குண்டும்.

உறையை முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிளந்து திருகு போடுவதும் காரணத்தோடுதான். அடிக்கடி கழற்ற வேண்டும். இதுதான் இந்தச் சங்கதியில் உயிர் சம்பந்தப்பட்ட பகுதி.

உறை போட்ட சக்கரம் கண்ணுக்குத் தெரியாத சக்கரம். டயர் தேய்ந்திருக்கிறதா, காற்று இறங்கியிருக்கிறதா, பிரேக் எண்ணெய் கசிகிறதா எதுவும் நடந்து போகிறவர் பார்வையில் படாது. பிரேக் பிடித்தால் தட்டு பழுக்கச் சூடாகும். உறைக்குள் காற்றோட்டம் குறைவு. அங்கே எண்ணெய் கசிந்தால் தீப்பிடிக்க வேறெதுவும் வேண்டாம். டயருக்கும் உறைக்கும் நடுவே இடைவெளி வேண்டும், ஏனென்றால் டயர் சுழலும்போதும் சூடேறும்போதும் கொஞ்சம் பெருக்கும். இடைவெளி அதிகமானால் இழுவை. குறைவானால் ஒரு கல் போதும் உறையைக் கிழிக்க. தாங்கு பட்டை பலவீனமாக இருந்தால் அதிர்விலேயே விரிசல் விட்டு, ஒரு நாள் உறை திரும்பிச் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும். தரையைத் தொடும் நொடியில் ஒரு சக்கரம் மட்டும் சுழலவில்லை என்றால் என்ன ஆகும் என்று மோட்டார் ஓட்டும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மூக்குச் சக்கரத்து உறை இன்னும் நுட்பம். அது தரைக்கு மிகவும் நெருக்கமாக இருக்கும், மேடு பள்ளத்தில் முதலில் இடிப்பது அதுதான்.

எடைக் கணக்கும் இருக்கிறது. மூன்று உறையும் சேர்ந்தால் சில கிலோதான். ஆனால் அதில் ஒன்று மூக்கில் ஏறுகிறது. விமானத்தின் சமநிலைப் புள்ளி நகரும். தராசில் மறுபடி நிறுத்து, கணக்கு எழுதி, பதிவேட்டில் ஏற்றி, யாரையும் ஏற்றாமல் தனியாகப் பறந்து சோதித்த பிறகே குடும்பத்தை ஏற்ற வேண்டும். பிரிட்டனில் வீட்டில் கட்டிய விமானங்களை இலகு விமானச் சங்கத்தின் பரிசோதகர்கள் பார்க்கிறார்கள். பறக்க அனுமதி வாங்கிய விமானத்தில் வடிவத்தை மாற்றினால் அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும். அமெரிக்காவில் கட்டியவருக்குச் சுதந்திரம் அதிகம். பெரும்பகுதி வேலையைத் தாமே செய்தவர், தம் விமானத்தின் ஆண்டுப் பரிசோதனைக்குத் தாமே கையெழுத்திடும் உரிமைச் சான்றும் பெறலாம். நம் நாட்டில் எதையும் வாங்கும் முன் போக வேண்டிய வாசல் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். இணையத்தில் கிட் விலை பார்ப்பது அதற்கு அப்புறம்.

உறையின் பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கும், அதற்கு ஒரு மூடி இருக்கும். டயருக்குக் காற்றடிக்க அந்தத் துளை. உறை போட்ட பிறகு காற்றுப் பார்ப்பது தொல்லை என்று விட்டுவிடுபவர்களுக்காக யாரோ யோசித்த ஏற்பாடு. பறக்கும் முன் ஒவ்வொரு முறையும் விமானி குனிந்து, உறையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார், டயரைச் சுற்றி விரலை ஓட்டுகிறார்.

புல்தரையில் இறங்குகிறவர்களுக்கு இன்னொரு வேலை. ஈரப் புல்லும் சேறும் சக்கரத்தோடு ஏறி உறைக்குள் அடைத்துக்கொள்ளும். மேலே குளிரான காற்றில் இறுகும் அல்லது மறுநாள் வெயிலில் காயும். காய்ந்த சேறு பிரேக்கைவிட நன்றாகப் பிடிக்கும். அதனால் மழைக்காலம் வந்ததும் பலர் தாங்கள் இழைத்து இழைத்துச் செய்த உறையைக் கழற்றிக் கொட்டகையில் மாட்டிவிடுகிறார்கள். வேகமும் எரிபொருளும் உறை இல்லாத கணக்குப்படி மறுபடி போடப்படும். சக்கரம் வெறுங்காலோடு போகும். பின்பாதியின் திருகுகளை முதலில் கழற்ற வேண்டும், பிறகு முன்பாதி. திருகுகளை ஒரு டப்பாவில் போட்டு எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று மேலே எழுதி வைக்க வேண்டும்.